கீழ்ப் படுக்கையின் விலை

வியட்நாம் தேசத்தில், வடக்கே ஹனோய் நகரத்தையும் தெற்கே ஸைகோன் நகரத்தையும் இணைக்கும் ரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். அதில் ஓடும் வண்டிகளுள் விரைவானது என்று பெயரெடுத்ததே இத்தூரத்தைக் கடக்க ஏறக்குறைய முப்பத்து மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இரவில் ஹனோயில் ஏறுகிறவர் அந்த இரவையும், மறுநாள் பகல் முழுவதையும், அதற்கடுத்த இரவையும் வண்டிக்குள்ளேயே கழிக்க வேண்டும். இவ்வளவு நேரம் படுத்திருக்கப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது சிறிய விஷயம் அல்லவே!

அண்மைக் காலத்தில் நம்மவர்கள் குடும்பத்தோடு வியட்நாம் செல்வது பெருகியிருக்கிறது. ஆகாய விமானத்தில் ஹனோய்க்குப் போய் இறங்குகிறார்கள். பிறகு தேசத்தின் நடுப்பகுதியையும் பார்க்க ஆசைப்பட்டு ரயில் டிக்கெட் வாங்க முற்படுகிறார்கள். அங்கேதான் மயக்கம் பிறக்கிறது. “கடினப் படுக்கை என்றும் மென்படுக்கை என்றும் இரண்டு இருக்கின்றனவாம். கடினம் என்றால் வெறும் பலகையா? வயதான தாயாரை அதில் படுக்க வைக்கலாமா?” என்று நேயர்கள் சிலர் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் நாம் குடும்ப சகிதமாக ஹனோயிலிருந்து ஹியூ நகரம் வரையில் அந்தக் ‘கடினப்’ படுக்கையிலேயே பிரயாணம் செய்தோமாகையால், இதைப் பற்றிச் சொல்ல நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று கருதுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடலாம். ஸோவியத் ஆட்சி ஏற்பட்ட பின்னர் ரஷ்யாவில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பழைய பெயர்கள் போய், மென்மையான வண்டி, கடினமான வண்டி என்ற பெயர்கள் வழங்கலாயின. மனிதர்களுக்குள் வகுப்பு வேற்றுமை பாராட்டக் கூடாது. ஆனால் பெஞ்சுக்குப் பெஞ்சு வேற்றுமை பாராட்டலாம் என்பது தத்துவம் போலும்! சீனாவிலும் பிற்பாடு வியட்நாமிலும் இந்த வழக்கமே நிலைத்தது. கடின ஆசனம், மென் ஆசனம், கடினப் படுக்கை, மென்படுக்கை என்று நான்கு வகை. படுப்பதற்கு வியட்நாமிய மொழியில் ‘நம்’ என்று பெயர்; உட்காருவதற்கு ‘ஙோய்’. தமிழ் நெடுங்கணக்கில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு, சொல்லுக்கு முதலில் அநேகமாக வராமலே காலந் தள்ளும் நம்முடைய ஙகரம், அந்நாட்டு ரயில் டிக்கெட்டில் அன்றாடம் உழைக்கக் கண்டு பள்ளிக்கூட உபாத்தியாயராகிய நமக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே விவரிக்கப் புகுந்தால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

பெயரை மாற்றுவதில் நாமும் சளைத்தவர்கள் அல்லர். மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் படும் பாட்டைக் குறித்துக் காந்தியடிகள் 1917-ல் எழுதினார். அந்த வகுப்பின் பெயர் நம் ரயில்களிலிருந்து மறைந்தது 1974-ல். மூன்றாம் வகுப்பை இரண்டாம் வகுப்பு என்று அழைத்த மாத்திரத்தில் முதுகு வலி குறைந்துவிடவில்லை. 1977-ல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே அந்த மரப் பலகைகளின் மீது இரண்டங்குல மெத்தையைப் போடச் செய்த பிறகுதான் சாமானியப் பிரயாணிகள் படுத்து உறங்கலாயினர். வியட்நாமிலும் கடினப் படுக்கை என்பது ஒரு காலத்தில் பலகையும் பாயுமாகத்தான் இருந்தது. இன்று அதன்மேல் மெல்லிய மெத்தையும் விரிப்பும் தலையணையும் போர்வையும் உண்டு. பெட்டி முழுவதும் குளிர்சாதன வசதியும் உண்டு. மென்படுக்கையின் மெத்தை இதைவிடச் சிறிது கனம், அவ்வளவே. அந்நாட்டு ரயில்வேக்காரர்களே இப்போது டிக்கெட்டுகளில் கடினம், மென்மை என்ற சொற்களை விட்டுவிட்டு, ‘ஆறு படுக்கை அறை’, ‘நான்கு படுக்கை அறை’ என்று போடத் தொடங்கியிருக்கிறார்கள். தரகர்கள் மட்டும் பழைய பெயர்களை விடவில்லை.

அந்தப் புதிய பெயர்களே உண்மையைச் சொல்கின்றன. ஒரே அளவுள்ள அறையில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பேர் படுத்தால் அது மென்படுக்கை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு பேர் படுத்தால் கடினப் படுக்கை. இரண்டுக்கும் கதவு உண்டு. பாதையோ மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய பழைய மீட்டர் கேஜ் வண்டிகளில் போனவர்களுக்கு அந்த அகலம் நினைவிருக்கும். அதற்குள் மூன்று அடுக்குப் படுக்கை என்றால், நடுவில் படுப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது; உச்சியில் படுப்பவருக்குக் கூரை மூக்கில் இடிக்காத குறைதான். ஜன்னலும் அவருக்குத் தெரியாது. கீழ்ப் படுக்கைக்காரர் ஜன்னலண்டை அமர்ந்து வயல்களையும் எருமைகளையும் பார்த்துக்கொண்டு போகலாம். சாமானைத் தம் படுக்கைக்கடியிலேயே தள்ளிவிடலாம்.

இந்த வித்தியாசத்தை வியட்நாம் ரயில்வேக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஆகவே அடுக்குக்கு அடுக்கு விலை வேறு. டிக்கெட் விற்கும் இணையதளத்தில் பெட்டியின் படத்தைப் போட்டு, ஒவ்வொரு படுக்கையின்மீதும் அதனதன் விலையை எழுதியிருக்கிறார்கள். கீழ் அடுக்கு அதிக விலை. நடு அடுக்கு அதற்குக் குறைவு. உச்சி எல்லாவற்றிலும் மலிவு. மென்படுக்கை அறையிலும் கீழுக்கும் மேலுக்கும் இவ்வாறே. இதன் பயனாக ஒரு விசித்திரம் நேர்கிறது. ஆறு பேர் அறையின் கீழ்ப் படுக்கைக்கும் நான்கு பேர் அறையின் மேற்படுக்கைக்கும் விலையில் பெரிய தூரம் இருப்பதில்லை. பெயரில் மயங்கி, “நாம் மென்படுக்கைக்காரர்” என்று பெருமையாக மேற்படுக்கையை வாங்கிக்கொண்டு, முழங்கால் வலியுடன் ஏணியின்றி ஏறித் தவிப்பதைக் காட்டிலும், ‘கடின’ அறையின் கீழ்ப் படுக்கையில் சுகமாகக் காலை நீட்டுவது எவ்வளவோ மேல். நம்மைக் கேட்டால், வகுப்பை இரண்டாவதாகவும் அடுக்கை முதலாவதாகவும் பார்க்க வேண்டும் என்போம்.

நாம் வாங்கியது ஆறு பேர் அறையில் இரண்டு கீழ்ப் படுக்கைகளும் ஒரு நடுப் படுக்கையும். வீட்டு அம்மாளும் நாமும் கீழே, பெண் நடுவே. எதிர் நடுப் படுக்கையில் ஒரு வாலிபன். உச்சியில் இருந்த இரண்டும் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டியாருக்கும், எட்டு வயதுப் பேரனுக்கும் உரியவை. பாட்டியார் வந்ததும் டிக்கெட்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சுவரில் மடக்கியிருந்த கால்மிதியை விரித்து ஒரு கால், நடுப் படுக்கையின் ஓரத்தில் ஒரு கால், இவ்விதம் ஏறத் தொடங்கிவிட்டார். வீட்டு அம்மாள் பதறிப்போய், “ஐயோ, நீங்கள் கீழே படுத்துக்கொள்ளுங்கள், அம்மா!” என்று தமிழிலேயே சொல்லித் தம் படுக்கையைக் கையால் காட்டினாள். பாட்டியாருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கை புரிந்தது. சிரித்துக்கொண்டே தலையை அசைத்துவிட்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

வாலிபன் கைப்பேசியைக் கொண்டு மொழிபெயர்த்து உதவினான். பாட்டியார் சொன்னதன் சாரம் இதுதான்: இருவருக்கும் கீழே டிக்கெட் வாங்கியிருந்தால் ஆகும் அதிகச் செலவில் ஊரில் போய்ப் பேரனுக்கு ஒரு ஜோடி பாதரட்சை வாங்கிவிடலாம். மேலும், மேலேதான் பிள்ளை பக்கத்தில் இருப்பான். “இரவில் இறங்க வேண்டியிருந்தால்?” என்று அம்மாள் கேட்டாள். “அதற்காகத்தான் மாலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை” என்று பதில் வந்தது. இதைக் கைப்பேசி உணர்ச்சியின்றி ஒப்பித்தது. அதன் பிறகு எங்கள் அறையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

பொழுது விடிந்ததும் பாட்டியார் இறங்கி வந்து, அழைப்பை எதிர்பாராமலே எங்கள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பகலில் கீழ்ப் படுக்கை எல்லாருக்கும் பொது என்பது அங்கும் வழக்கம். பெட்டியின் கோடியில் உள்ள வெந்நீர்க் குழாயிலிருந்து அம்மாள் ஒரு குவளை நீர் பிடித்து வந்து கொடுத்தாள். அவர் தம் கூடையிலிருந்து பம்பளிமாஸ் பழத்தை எடுத்து உரித்துச் சுளை சுளையாக எல்லாருக்கும் பங்கிட்டார்.

அடுக்குக்கு ஏற்ற விலை என்பது நியாயந்தானா? இக்கேள்வி அன்று முதல் நம் மனத்தில் இருந்துவருகிறது. வியாபார நோக்கில் அது நேர்மையானதே. அசௌகரியமான இடத்தை வாங்குகிறவன் குறைந்த விலை கொடுக்கிறான். இளைஞன் உச்சியில் மலிவாக உறங்கட்டும் என்பது தர்க்கம். எங்கள் வாலிபனைப் போன்றவர்களுக்கு அது அநுகூலமே. இந்தியாவில் அப்படியில்லை. கீழானாலும் மேலானாலும் கட்டணம் ஒன்றே. அறுபது கடந்த ஆடவருக்கும் நாற்பத்தைந்து கடந்த மகளிருக்கும் இடம் இருக்கும் வரையில் கீழ்ப் படுக்கையை ஒதுக்குவது என்பது நம் ரயில்வேயின் விதி. இந்த விதி எப்போதும் பலிக்கிறதா என்றால், கீழ்ப் படுக்கை கிடைக்காத முதியவர்கள் எதிரில் இருக்கும் இளைஞரிடம் கெஞ்சும் காட்சியைக் காணாத பிரயாணி நம் நாட்டில் இல்லை. ஆயினும் கெஞ்சுவதற்கு அங்கே ஓர் ஆதாரம் இருக்கிறது. எல்லாரும் ஒரே கட்டணம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே வயதுக்கு ஒரு வார்த்தை சொல்லும் உரிமை உண்டு. விலை வேறாகிவிட்டால் அந்த வார்த்தை அடங்கிவிடுகிறது. பாட்டியார் எங்கள் படுக்கையை மறுத்தது கூச்சத்தினால் மட்டும் அன்று. அது நாங்கள் விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பது அவருக்குத் தெரியும்.

வியட்நாம் அரசாங்கத்தார் முதியோரை அடியோடு மறந்துவிட்டார்கள் என்று சொல்லக் கூடாது. அந்நாட்டுக் குடிமக்களுள் முதியோருக்கும், போரில் ஊனமுற்றோருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை இருக்கிறது. நாட்டுக்காகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு ‘வீரத்தாய்’ என்னும் பட்டத்தை 1994 முதல் வழங்கிவருகிறார்கள். அவர்களுக்கும் ரயிலில் விசேஷச் சலுகை உண்டு. எனினும் சலுகையைக் கழித்த பிறகும் கீழ்ப் படுக்கைக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் நிற்கிறது. முதியவருக்குச் சலுகை விலையில் உச்சிப் படுக்கையை விற்பதால் என்ன லாபம்? அடுக்கில்தான் சலுகை வேண்டும்.

மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் வியட்நாமின் வழியே வழக்கத்தில் இருக்கிறது. சீனத்தில் கடினப் படுக்கைப் பெட்டிக்கு அறைக் கதவுகூடக் கிடையாது. திறந்தபடி இருக்கும் மூன்று அடுக்குக்கும் மூன்று விலை. ஸயாம் என்று நாம் முன்பு அழைத்த தாய்லாந்தில் இரண்டாம் வகுப்பின் கீழ்ப் படுக்கை மேலதைவிட அகலமானது, ஜன்னலும் அதற்கே, விலையும் அதற்கே அதிகம். ரஷ்யாவில் ஐம்பத்து நான்கு பேர் திறந்த பெட்டியில் படுத்துப் போகும் வண்டி ஒன்று, நால்வர் அறை ஒன்று, இருவர் அறை ஒன்று என்று வகைகள் உண்டு. ஆகையால் எந்தத் தேசத்துக்குப் போனாலும், வகுப்பின் பெயரைக் கேட்டதோடு நிற்காமல், ஓர் அறையில் எத்தனை பேர், கதவு உண்டா, எந்த அடுக்கு என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ரயில் பாதையின் சரித்திரத்தைச் சிறிது சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1897 முதல் 1902 வரையில் பிரெஞ்சு இந்தோ-சீனாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த பால் டூமர் என்பவர் இதற்குத் திட்டமிட்டார். துண்டு துண்டாகப் போடப்பட்டு 1936-ல்தான் முழுப் பாதையும் இணைந்தது. அந்த நாளில் அதில் நான்கு வகுப்புகள் இருந்தன. நாட்டுக்குரிய மக்களுக்கு விதிக்கப்பட்டது நாலாம் வகுப்பு. நம் செட்டிநாட்டுப் பெருமக்களும் புதுச்சேரி, காரைக்கால்காரர்களும் ஸைகோனில் தொழிலும் உத்தியோகமும் நடத்திய காலம் அது. அங்குள்ள மாரியம்மன் கோவில் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

பாதை முழுமை பெற்றுப் பதினெட்டே ஆண்டுகளில் துண்டாயிற்று. 1954-ல் ஜினீவா உடன்படிக்கையின்படி தேசம் இரு கூறானபோது, பென் ஹாய் நதியை ஒட்டி எல்லை அமைந்தது. போர்நிறுத்தத்தை மேற்பார்வையிட ஏற்பட்ட சர்வதேசக் கமிஷனில் கனடாவும் போலந்தும் அங்கத்தினர். தலைமை வகித்தது இந்தியா. பின்னர் மூண்ட யுத்தத்தில் பாலங்களும் சுரங்கங்களும் குண்டுகளுக்கு இரையாயின. ஹனோய் ஸ்டேஷனின் நடு மண்டபத்தையே 1972 டிசம்பரில் அமெரிக்க விமானங்கள் தகர்த்தன. இரு பக்கத்திலும் பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய கட்டிடம் இருக்க, நடுவில் மட்டும் சிமெண்டில் எழுந்த புது முகப்பை இன்றும் காணலாம். 1975-ல் யுத்தம் ஓய்ந்ததும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களைச் செப்பனிட்டு, 1976 டிசம்பர் 31-ஆம் தேதி மீண்டும் தலைநகரிலிருந்து ஸைகோனுக்கு வண்டியை ஓட்டிவிட்டார்கள். அதற்கு ‘ஒற்றுமை’ என்று பெயரும் இட்டார்கள். ஸைகோன் நகருக்கு ஹோ சி மின் நகரம் என்ற பெயர் வந்து அரை நூற்றாண்டாகிறது. ஆனால் ஸ்டேஷன் மட்டும் இன்றைக்கும் ஸைகோன் ஸ்டேஷனேதான். டிக்கெட்டிலும் அதே பெயர்தான் இருக்கும். டிக்கெட் தவறாக வந்துவிட்டது என்று யாரும் கலங்க வேண்டியதில்லை.

நாங்கள் போன வண்டி மறுநாள் காலையில் பென் ஹாய் நதியைக் கடந்தது. சிறிய நதிதான். பாட்டியார் ஜன்னல் பக்கம் திரும்பி, அது கண்ணுக்கு மறையும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை எடுத்து விசாரிக்க அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை, விசாரிப்பது முறையுமன்று.

இனி டிக்கெட் வாங்கும் காரியத்துக்கு வருவோம். மூன்று வழிகள் உண்டு: ரயில்வேயின் சொந்த இணையதளம், தரகர்களின் இணையதளங்கள், ஸ்டேஷன் ஜன்னல். தரகர் வழியில் வாங்கினால் டிக்கெட் விலைக்கு மேல் அவர் கூலி சேரும். அதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் மறுமொழி கிடைக்கும். எந்த வழியிலும் பிரயாணியின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் டிக்கெட்டில் ஏறியாக வேண்டும். நம்மவர்களுக்கு இதில் ஒரு சங்கடம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல் எழுதுவது உத்தமம். டிக்கெட் மின்னஞ்சலில் வந்துவிடும். அதைக் கைப்பேசியில் காட்டினால் போதும். பாஸ்போர்ட்டும் கைவசம் இருக்க வேண்டும்.

வண்டிகளின் எண்ணுக்கு முன்னால் ‘எஸ்.இ.’ என்ற எழுத்துக்கள் இருக்கும். ஒற்றைப்படை எண் உள்ளவை வடக்கிலிருந்து தெற்கே போகிறவை. இரட்டைப்படை எண் உள்ளவை தெற்கிலிருந்து வடக்கே வருகிறவை. விலை எல்லா நாளும் ஒன்றல்ல. வண்டிக்கு வண்டி, நாளுக்கு நாள் மாறும். படுக்கையின் அடுக்கை ‘டி 1’, ‘டி 2’, ‘டி 3’ என்று குறிப்பிடுவார்கள். டி 1 கீழ் அடுக்கு. நாலு பேர் உள்ள குடும்பமாயின் நான்கு படுக்கை அறை ஒன்றை முழுவதும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெண்களுக்கென்று தனி அறை வழக்கமில்லை என்பதையும் தெரிவித்துவிடுகிறோம். சில தடங்களில் தனியார் கம்பெனிகளும் தங்கள் அலங்காரப் பெட்டிகளை அதே வண்டியில் கோத்து ஓட்டுகின்றன. இன்ஜின் ஒன்றே, வேகம் ஒன்றே. மர வேலைப்பாட்டுக்கும் பூச்சாடிக்கும் தனி விலை. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தள்ளுவண்டியில் சோறும் குழம்பும் வரும். அவற்றில் மாமிசம் இல்லாததைத் தேடுவது கடினம். ‘சாய்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் வடநாட்டுச் சாய் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே அதற்கு மரக்கறி உணவு என்று பொருள். பௌத்தர்களுள் பலர் சாந்திரமான மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மாமிசம் விலக்குகிறார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே அந்தச் சொல்லும் அந்த நோன்பும் எல்லாருக்கும் தெரிந்தவை. சொன்னால் மரியாதையாகவே கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஓடுகிற வண்டியில் அதற்காகப் புதிதாகச் சமைத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்கலாகாது. பழமும் ரொட்டியும் கைவசம் வைத்துக்கொண்டால் கவலையில்லை. வெந்நீர் எந்நேரமும் கிடைக்கும்.

முழுத் தூரமும் ஒரே மூச்சில் போவதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். ஹனோயிலிருந்து ஹியூ 688 கிலோமீட்டர். ஓர் இரவுப் பிரயாணம். பழைய அரசர்களின் கோட்டை அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து டா நாங் வரையில் உள்ள நூறு கிலோமீட்டர் சொச்சத்தைப் பகல் வண்டியில் போக வேண்டும். அதற்குப் படுக்கை வேண்டாம். மென் ஆசனம் போதும். ஹாய் வான் கணவாயை ஒட்டி வண்டி மலைச் சரிவில் நெளிந்து நெளிந்து ஏறுகையில், கீழே கடல் மரங்களின் இடையே தோன்றித் தோன்றி மறைகிறது. தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடக் கைப்பக்கம். ஆசனம் தேர்ந்தெடுக்கும்போதே படத்தைப் பார்த்து ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தூரத்துக்கு இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகிறது. இன்னும் சிறிது மெதுவாகப் போனாலும் நமக்கு ஆட்சேபம் இராது.

இவ்வளவு மெதுவான பாதைக்குப் பக்கத்தில் ஒரு வேகமான பாதையும் வரப்போகிறது. ஹனோய்க்கும் ஸைகோனுக்கும் நடுவே 1,541 கிலோமீட்டர் நீளத்தில், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றதாகப் புது ரயில் போட 2024 நவம்பரில் அந்நாட்டுத் தேசிய சபை அங்கீகாரம் அளித்தது. உத்தேசச் செலவு அறுபத்தேழு பில்லியன் டாலர் என்கிறார்கள். அது ஓடத் தொடங்கினால் காலையில் புறப்பட்டு மாலைக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். படுக்கைக்கே வேலை இராது. எட்டு வயதுப் பேரன் பெரியவனாகி அதில் போவான்.

பிரயாணத் தேதியை முடிவு செய்யுமுன் பஞ்சாங்கத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது நலம். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ ‘டெட்’ என்னும் அவர்களது புத்தாண்டு வருகிறது. தீபாவளிக்கு முதல் நாள் எழும்பூர் எப்படியோ, அந்த வாரங்களில் ஸைகோன் ஸ்டேஷன் அப்படி. ஆலைகளில் வேலை செய்யும் லட்சக்கணக்கானோர் சொந்த ஊர் திரும்புகிறார்கள். அந்த டிக்கெட்டுகளைப் பல மாதங்களுக்கு முன்பே விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகும் நாம் அந்த நாட்களை அவர்களுக்கு விட்டுவிட்டு வேறு மாதத்தில் போகலாம். மற்ற நாட்களில் ஓரிரு வாரங்களுக்கு முன்னால் பார்த்தாலும் உச்சிப் படுக்கைகள் கிடைக்கும். முதலில் தீர்ந்துபோகிறவை டி 1 படுக்கைகள்; தாயாரை அழைத்துச் செல்கிறவர்கள் விற்பனை திறந்த அன்றே அவற்றை வாங்கிவிட வேண்டும்.